சரிவுக்கு நீலம்

அத்தியாயம் 14

டாக்டரம்மாவின் வீட்டில் முன்பாதி பல் கிளினிக், பின்பாதி குடும்பம். அவள் கணவரான பேராசிரியர் தினமும் அந்த முன்பாதியைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகிறார். ஆனால் கிளினிக்கின் எக்ஸ்ரே அறைக்குள் ஒரு நாளும் தலையை நீட்டியதில்லை. பல் பிடுங்கும் குறடு கண்ணில் பட்டால் போதும், அன்று முழுக்கத் தாடையைப் பிடித்துக்கொண்டு திரிவார். அந்தத் தைரியத்தில்தான் மகளின் பெட்டி போன வாரத்திலிருந்து அங்கே, ஈயக் கவசத்துக்கு அடியில் படுத்திருந்தது.

பெட்டி எதற்கு என்பது தாய்க்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். சிட்டு என்று வீட்டில் கூப்பிடப்படும் மகளுக்கு, கடலோர நகரத்து வானிலை ஆய்வு மையத்தில் வேலை கிடைத்திருந்தது. நாளைக் காலை ரயில்.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஏனென்றால் முன்பொரு முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அது வங்கி வேலை. அவர் மகளின் தோளில் தட்டிக்கொடுத்தார், கண்கூடக் கலங்கினார், பிறகு உள்ளே போய் அந்த வங்கியிலிருந்த பழைய நண்பரைக் கூப்பிட்டு, நல்ல பெண்தான், ஆனால் பக்குவம் போதாது என்று மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு எடுத்துரைத்துவிட்டார். வேலை கைநழுவிப் போனது. வானிலை மையத்து இயக்குநரோ இவரோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவர். ஒரு போன் போதும்.

இதைப் பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு வரைபடம் போடுவது சிட்டு. விடைத்தாள் திருத்துவது சிட்டு. கருத்தரங்குக்கு உரை எழுதிக் கொடுத்து, அதை அவர் படிக்கும்போது எந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பதும் சிட்டு. "அவ என் வலது கை" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். சொந்தக் கைக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?

பேராசிரியர் லேசுப்பட்டவர் அல்ல. பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர்களின் மனசைப் படித்தவர். சந்தை விழுந்த பிறகு "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்கிறவர்கள், விழுவதற்கு முன் அப்படி எதையும் நினைக்கவில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற எவரும் ஓசியில் சொல்லியிருக்கக்கூடிய இந்த விஷயத்துக்கு அவர் முனைவர் பட்டமும், பதவி உயர்வும், கண்ணாடிப் பெட்டியில் வைக்கும்படியான ஒரு வெண்கலப் பதக்கமும் பெற்றிருந்தார்.

ஆராய்ச்சி நடக்கும் விதம் இதுதான். முதலாண்டுப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்கார வைத்து, சந்தை ஏறுமா இறங்குமா என்று எழுதச் சொல்வார். கொஞ்ச நாள் கழித்து, என்ன எழுதினாய் என்று கேட்பார். பிஸ்கட்டுக்காக வந்து உட்கார்ந்த பிள்ளைகளுக்கு எழுதினதே மறந்துபோயிருக்கும். உடனே மனித குலத்தின் மனக்கோணல் நிரூபணமாகிவிடும். இதையெல்லாம் திரட்டி எழுதிய புத்தகத்தின் பெயர் 'எனக்கு அப்பவே தெரியும்'. அட்டையில் அவருடைய படம். தலைப்பு ஊராரைக் கிண்டல் செய்கிறதா, படத்திலிருப்பவரை அறிமுகம் செய்கிறதா என்பது வாங்கினவர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

புத்தகத்தைத் தொடர்ந்து தொலைக்காட்சி வந்தது. தினமும் சந்தை மூடியதும், அது ஏன் அப்படி நடந்துகொண்டது என்று அவர் சேனலில் விளக்க வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு வகுப்பு. அதனால் காலையிலேயே, சந்தை கண் விழிப்பதற்கு முன்பே, இரண்டு விளக்கங்களைப் பதிவு செய்து அனுப்பிவிடுவார். ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று. சாப்பாட்டு மேஜைதான் அரங்கம். சிட்டு விளக்கைப் பொருத்தி, போனை நிறுத்தி, எடுத்து அனுப்புவாள்.

ஏற்றத்துக்கான பதிவு, "இந்த ஏற்றம் தற்செயலானதல்ல. முதலீட்டாளரின் அச்சம் விலகிவிட்டது" என்று போகும். சரிவுக்கானது, "இந்தச் சரிவு தற்செயலானதல்ல. முதலீட்டாளரின் நம்பிக்கை விலகிவிட்டது" என்று போகும். இரண்டும் ஒரே வரியில் முடியும்: "இதை நான் பல மாதங்களாகச் சொல்லி வருகிறேன்."

சேனல்காரர்கள் குழம்பாமல் இருக்க ஓர் ஏற்பாடு. ஏற்றத்துக்குச் சிவப்பு டை, சரிவுக்கு நீல டை. டையைப் பார்த்து எடுத்து ஒளிபரப்பிவிடுவார்கள். பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே வராது.

இன்று காலை சிவப்பு டையைக் காணோம்.

கல்லூரி விருந்தில் அது தக்காளி சூப்பில் குளித்துவிட்டு வந்திருந்ததால் டாக்டரம்மா சலவைக்குப் போட்டிருந்தாள். சொல்ல மறந்துவிட்டாள். அவள் நினைப்பெல்லாம் ரயிலில் இருந்தது. பேராசிரியர் அலமாரியைக் குடைந்து, ஏதோ காப்பீட்டு நிறுவனம் புத்தாண்டுக்கு அனுப்பியிருந்த பழுப்பு டை ஒன்றைக் கண்டெடுத்தார். கழுத்தோரம் வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏத்தத்துக்கு இதைக் கட்டினா இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கும். ஏத்தத்துக்கு நீலம் கட்டிக்கறேன். இது சரிவுக்கு இருக்கட்டும்."

"சேனல்ல டையைத்தான்பா பாப்பாங்க" என்றாள் சிட்டு. "நீலம்னா சரிவுன்னு போட்டுடுவாங்க."

"ஏன், நான் என்ன பேசறேன்னு கேக்க மாட்டாங்களா?"

சிட்டு விளக்கின் கழுத்தைத் திருகி நேராக்கினாள். அந்தக் கேள்விக்கு மகள் பதில் சொல்லாமல் விட்டதை டாக்டரம்மா கவனித்தாள். பெண்ணை ஒழுங்காகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

சேனலுக்குத் தானே சொல்லிவிடுவதாகப் பேராசிரியர் சொன்னார். அப்படியே கல்லூரிக்குப் போனார். போகிற வழியெல்லாம், கல்லூரி இயக்குநர் பதவி கிடைத்தால் ஏற்புரையில் என்ன சொல்வது என்ற யோசனை. அந்தப் பதவி காலியாகி இரண்டு மாதம் ஆகிறது. அறங்காவலர் குழுத் தலைவரான சோப்புக் கம்பெனி முதலாளி இன்னும் மனம் திறக்கவில்லை. போட்டிக்குக் கணக்கியல் துறைத் தலைவர் வேறு நிற்கிறார். இத்தனை பெரிய விவகாரங்களுக்கு நடுவில் ஒரு டை ஞாபகம் இருக்குமா?

மதியத்துக்கு மேல் சந்தை தொபுக்கென்று விழுந்து, விழுந்தபடியே மூடியது.

டாக்டரம்மா அப்போது ஒரு ஜவுளிக்கடைக்காரரின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தாள். சுவரில் இருந்த டிவியில், சிவப்பு எண்கள் சாரை சாரையாக ஓட, மேலே நீல டையோடு அவள் கணவர் தோன்றினார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை. "இந்த ஏற்றம் தற்செயலானதல்ல" என்று தொடங்கினார்.

அவள் குடைவதை நிறுத்தினாள்.

"முதலீட்டாளரின் அச்சம் விலகிவிட்டது" என்றார் கணவர். அடியில் விழுந்த புள்ளிகளின் கணக்கு இன்னொரு சுற்று ஓடியது. "இதை நான் பல மாதங்களாகச் சொல்லி வருகிறேன்" என்று முடித்துவிட்டு, எப்போதும் போல் அரைக் கண்ணால் சிரித்தார். செய்தி வாசிக்கும் பெண் துளியும் சலனமில்லாமல் "மிக்க நன்றி பேராசிரியர்" என்றாள். அவளும் கேட்கவில்லை.

ஜவுளிக்கடைக்காரர் வாயிலிருந்த பஞ்சை எடுத்ததும் முதல் வார்த்தையாக, "சார் சொன்னதைக் கவனிச்சீங்களா?" என்றார். அவள் அவசரமாக டிவியை அணைத்தாள். அவரோ, "எல்லாரும் அழறப்போ சார் ஒருத்தர்தான் சிரிக்கறார். அதான் படிப்பு" என்று வியந்துவிட்டு, வாயைக் கொப்பளித்தார்.

கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் வாசலில் வந்து இறங்கினார். நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமல் விடுவிடுவென்று பின்பாதிக்குப் போனார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள்.

ஆசிரியர் அறையில் கணக்கியல் துறைத் தலைவர் அந்த ஒளிபரப்பைப் போட்டுக் காட்டி, எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சிரித்தாராம். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. பேராசிரியர் அதைச் சொல்லும்போது தாடையைப் பிடித்துக்கொண்டார். சொல்லி முடித்ததும் தண்ணீர் குடித்தார். பிறகு, வரும் வழியிலேயே தீர்வைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார்.

சிட்டு சேனலைக் கூப்பிட வேண்டும். பதிவுகளை மாற்றி அனுப்பியது தான்தான் என்று சொல்ல வேண்டும். இன்று இரவுச் செய்தியில் அவர்கள் ஒரு வருத்தம் தெரிவிப்பார்கள். வாசகத்தைக்கூட அவர் யோசித்து வைத்திருந்தார்: 'பேராசிரியரின் உதவியாளரான அவரது மகளின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை.'

சிட்டுவின் முகம் வெளுத்தது. நாளை மறுநாள் வேலையில் சேரப் போகும் இடம், மேகத்தின் உயரத்தைக்கூட இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்க்கும் இடம். அங்கே போய் இறங்குவதற்கு முதல் நாள், கவனக்குறைவு என்று ஊருக்கே செய்தி வாசித்து அனுப்பினால் எப்படி இருக்கும்?

"மாத்திக் கட்டினது நீங்க" என்றாள் டாக்டரம்மா. "அவ காலையிலயே சொன்னா. நானும் கேட்டேன்."

"யார் கட்டினதுங்கறது இப்ப விஷயமில்ல. எனக்கு ஒரு பேர் இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு, போறதுக்கு?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சந்தை நிலவரம் சொல்கிற குரலில் சொன்னார். முப்பது வருஷத்தில் இந்த மனுஷன்மேல் தனக்கு மிச்சமிருந்தது ஏதோ கொஞ்சம், பல்லின் வேர் போல ஆழத்தில் எங்கோ இருந்தது, அதுவும் அப்போது பிடுங்கிக்கொண்டு வந்ததை டாக்டரம்மா உணர்ந்தாள். வலிக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சிட்டு போனைக் கையில் எடுத்தாள். சேனலைக் கூப்பிடவா, அப்பா முகத்தில் எறியவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அதற்குள் மேஜைமேல் பேராசிரியரின் போன் அடித்தது. சோப்பு முதலாளி.

பெரிய மனிதர்கள் கூப்பிட்டால் வீடு முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போடுவது பேராசிரியரின் வழக்கம். வேலை போகப்போகிறது என்று பயந்த நிலையிலும் விரல் பழக்கத்தில் அதை அழுத்திவிட்டது.

"புரொபசர், என் ஆளுங்க எல்லாத்தையும் வித்துடலாம்னு நின்னாங்க" என்றது கரகரத்த குரல். "சந்தை இப்படி விழுந்து கிடக்கு, நீங்க வந்து ஏத்தம்ங்கறீங்க. முதல்ல உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அப்பறம்தான் உறைச்சுது. கண்ணுக்குத் தெரியற சரிவை எவனும் சொல்லுவான். உள்ள ஒரு ஏத்தம் இருக்கு, அதைத்தானே சொன்னீங்க?"

பேராசிரியரின் கண்கள் ஒரு முறை மகளைப் பார்த்தன, மனைவியைப் பார்த்தன, பிறகு கூரையை நோக்கி உயர்ந்தன. டாக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு மனிதனின் மனசாட்சி எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று நேரில் பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது. தும்மல் போடும் நேரம்கூடப் பிடிக்கவில்லை.

"உங்களுக்காவது புரிஞ்சுதே" என்றார் பேராசிரியர், தழுதழுத்த குரலில்.

விற்பதை நிறுத்திவிட்டதாக முதலாளி சொன்னார். இயக்குநர் பதவிக்கு இனி யோசிக்க எதுவும் இல்லை என்றார். ஒரே ஒரு ஆசை அவருக்கு. இனிமேல் சாயங்கால விளக்கமெல்லாம் வேண்டாம், இவ்வளவு தெரிந்தவர் காலையிலேயே, சந்தை திறக்கும் முன், ஏறுமா இறங்குமா என்று ஒரே வார்த்தை சொல்லிவிடட்டும். சேனலோடு பேசியாகிவிட்டது. நாளைக் காலை கார் அனுப்புகிறார், தானும் அரங்கத்துக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப்போகிறார். பேராசிரியர் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும், ஆகட்டும்" என்றார். இயக்குநர் என்ற சொல்லுக்குப் பிறகு வந்த எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

போனை வைத்ததும் அவர் உயரம் ஒரு சாண் கூடியிருந்தது. வருத்தம் தெரிவிக்கும் யோசனையை இப்போது சிட்டுதான் கொண்டுவந்தாள் என்பது போல, அதெல்லாம் வேண்டாம் என்று பெருந்தன்மையாக மறுத்தார். பிறகு நடந்துகொண்டே விளக்கினார். காலையில் நீல டையைக் கையில் எடுத்தபோதே உள்ளே ஏதோ சொன்னதாம். இல்லாவிட்டால் பழுப்பு டை எதற்கு அந்த நேரம் பார்த்துக் கையில் கிடைக்க வேண்டும்? சேனலுக்குச் சொல்லாமல் விட்டது மறதி இல்லையாம், உள்ளுணர்வாம். மேஜையை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் அவர் அதை முழுசாக நம்பிவிட்டிருந்தார்.

டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பல் ஆடுகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆடுகிற பல்லைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது அவள் தொழிலில் இல்லை.

"உங்ககிட்ட எதையும் மறைக்க முடியாதுங்க" என்றாள், முப்பது வருஷத்தில் அவர் கேட்டிராத இனிமையோடு. "சிட்டுகிட்டயும் அதைத்தான் சொன்னேன். நீ நாளைக்கு வானிலை மையத்துல வேலைக்குச் சேரக் கிளம்பறே, பெட்டியெல்லாம் கட்டிட்டே, அப்பா இன்னும் கண்டுபிடிக்கலைன்னு நினைக்கறியான்னு கேட்டேன். அவர் என்னைக்கோ கண்டுபிடிச்சிருப்பார், நீயா வந்து சொல்லட்டும்னுதான் பேசாம இருக்கார்னேன். சரிதானே?"

சிட்டுவின் கண்கள் தட்டு போல விரிந்தன. பேராசிரியரின் நடை நின்றது.

அவர் முகத்தில் என்னென்னவோ வந்து வந்து போயிற்று. வானிலை என்ற சொல் முதன்முறையாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. கோபம் எட்டிப்பார்த்தது, யாரைக் கேட்டு என்ற கேள்வி உதடுவரை வந்தது. ஆனால் அதைக் கேட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சற்றுமுன்தான் சந்தையின் உள்ளே புகுந்து பார்த்தவர், சொந்த வீட்டு எக்ஸ்ரே அறையைப் பார்க்கவில்லை என்றால் நன்றாகவா இருக்கும்?

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"எப்பவேப்பா?" என்று கேட்டாள் சிட்டு. அம்மா அவள் காலை மிதித்தாள்.

"நீ புதுப் பெட்டி வாங்கினியே, அப்பவே."

பெட்டி அவருடைய பழைய பெட்டி. கைப்பிடியில் அவர் போய்வந்த கருத்தரங்குகளின் ஒட்டுச்சீட்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

டாக்டரம்மா அத்தோடு விடவில்லை. அந்த மையத்து இயக்குநர் உங்கள் விடுதி நண்பராயிற்றே, பெண்ணை அனுப்புவது நீங்கள்தான் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா, நாளைக்கு யாரோ வேறு ஆள் சிபாரிசு என்று பேச்சு வந்துவிடப்போகிறதே என்று கவலைப்பட்டாள். பேராசிரியருக்கு அந்தக் கவலை சட்டென்று ஒட்டிக்கொண்டது. அங்கேயே நின்று நண்பரைக் கூப்பிட்டார், ஒலிபெருக்கியில்தான். மகள் வருவதாகவும், தானே யோசித்து அனுப்பி வைப்பதாகவும், அவளைப் போலக் கவனமான பெண்ணை எங்கும் பார்க்க முடியாதென்றும் சொன்னார். நண்பர், போன முறை வங்கிக்கு இப்படிச் சொல்லவில்லையாமே என்று சிரித்தார். "அப்ப பக்குவம் பத்தலை. இப்ப வந்துடுச்சு" என்றார் பேராசிரியர், கண் கூடச் சிமிட்டாமல்.

சிட்டு அடுப்படிக்குப் போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று டாக்டரம்மா போய்ப் பார்க்கவில்லை. அவளுக்கும் அதே பிரச்சினைதான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சலவைக்காரர் சிவப்பு டையைக் கொண்டுவந்து கொடுத்தார். சூப் போன இடம் தெரியவில்லை. பேராசிரியர் கண்ணாடி முன் போய் நின்று, ஒரு தோளில் சிவப்பையும் இன்னொரு தோளில் நீலத்தையும் போட்டுக்கொண்டார். அப்போதுதான் முதலாளி கேட்டது என்ன என்பது மெல்ல மெல்ல இறங்கியிருக்க வேண்டும். நாளைக்கு இரண்டு பதிவு கிடையாது. ஒரு வார்த்தைதான். பக்கத்தில் முதலாளி.

"சிட்டு" என்று கூப்பிட்டார். "நாளைக்கு எப்படி இருக்கும்னு உனக்கு ஏதாவது தோணுதா?"

"எனக்கு மழைதான்பா தெரியும்" என்றாள் அவள், விளக்கை மடக்கிப் பைக்குள் வைத்தபடி. "அதையும் மறுநாள் சரியா தப்பான்னு பாத்துடுவாங்க."

அந்த நேரத்தில் அவர் போன் மறுபடி அடித்தது. சேனலிலிருந்து. விரல் பழக்கத்தில் ஒலிபெருக்கியை அழுத்தியது.

"சார், ஒண்ணுமில்ல" என்றது ஓர் இளம் குரல். "நீங்க இன்னைக்கு அனுப்பினதுல பழுப்பு டை போட்ட ஒண்ணு சும்மா கிடந்தது. உங்க கல்லூரி கணக்கியல் துறைத் தலைவர்னு ஒருத்தர் வந்து கேட்டார், போட்டுக் காட்டினேன். முழுசா உக்காந்து கேட்டார் சார். ரெண்டு தடவை. அதை வாங்கிக்கிட்டு உங்க சோப்புக் கம்பெனி ஐயா வீட்டுக்குப் போறேன்னு இப்பதான் கிளம்பினார். கொடுத்தது தப்பில்லையே?"

இத்தனை வருஷத்தில் அவர் பேசியதை ஒருவர் முழுசாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பேராசிரியர் கண்ணாடியிலேயே மகளைப் பார்த்தார். பார்வை அவள் முகத்திலிருந்து பைக்குள் போன விளக்குக்கும், விளக்கிலிருந்து முகத்துக்கும் போய் வந்தது. அதில் என்ன கணக்கு ஓடுகிறது என்று டாக்டரம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசகம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பழியைச் சுமக்க வேண்டிய உதவியாளரும் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

"சிட்டு" என்றார் மிக மெதுவாக. "உன் ரயில் எத்தனை மணிக்கு?"

சிட்டு அம்மா நின்ற பக்கம் திரும்பினாள். அம்மா அதற்குள் எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கியாகிவிட்டது.

"அதான் உங்களுக்கு அப்பவே தெரியுமேப்பா" என்றாள் சிட்டு.